எல்லாக் கம்பியும் ஒன்றில்லை

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. உன் புது வீட்டு அஸ்திவார ஃபுட்டிங் முடிந்த சேதி கேசவன் வாயால்தான் எனக்கு வர வேண்டுமா? சரி, அதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

எங்கள் தெருக்கோடி மாடிவீட்டை இடிக்கிறார்கள். பழைய பகுதி முழுக்க வழவழப்பான உருண்டைக் கம்பி. முனையில் வளைத்திருந்த கொக்கியை வெட்டிவிட்டு இரண்டு பேர் இழுத்தார்கள். உறையிலிருந்து கத்தி வருவதுபோலக் கம்பி முழுசாக வந்துவிட்டது. பின்னால் சேர்த்துக் கட்டிய போர்ட்டிகோவில் மேலே வரிவரியாகப் புடைத்திருக்கிற கம்பி. அதில் கான்கிரீட் கட்டிகட்டியாக ஒட்டிக்கொண்டே வந்தது, சுத்தியலால் அடித்துத்தான் பிரித்தார்கள்.

அதைப் பார்த்ததிலிருந்து உன் நினைவுதான். மேஸ்திரி காட்டிய கடையில் விலை குறைவு என்று கம்பி லோடு சொல்லிவிட்டாயாமே? "கம்பிதானே, எல்லாம் ஒண்ணுதான்" என்றாயாம். குண்டு சார் லேபில் கடைசி பெஞ்சில் நீ தூங்கியது இப்போது வேலையைக் காட்டுகிறது!

வழவழப்பான கம்பிக்கு ஒட்டுதலும் உராய்வும்தான் பிடிமானம். ஒருமுறை வழுக்க ஆரம்பித்தால் ஒட்டுதல் போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்தில் கொக்கி போட்டார்கள். வரி இருந்தால் ஒவ்வொரு வரியும் கான்கிரீட்டில் முட்டிக்கொண்டு நிற்கும். நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூல் ஐ.எஸ். 456 இதற்காகவே பிடிமானக் கணக்கில் 60 சதவீதம் கூட்டிக்கொள்ள அனுமதிக்கிறது. ஆனால் முட்டுகிற வரி கான்கிரீட்டை வெளிப்பக்கமும் நெட்டும். கவர், அதாவது கம்பிக்கு வெளியே மூடியிருக்கும் கான்கிரீட் கனம், குறைந்தால் கம்பி ஓடும் வழியே விரிசல் விடும். அந்த இடைவெளிக்காக வைக்கிற கவர் பிளாக் கட்டை இல்லாமல் ஒரு தூண்கூடப் போடவிடாதே. ஜல்லியை அண்டக்கொடுத்துச் சமாளிப்பார்கள், ஒத்துக்கொள்ளாதே. தூணுக்கு 40 மி.மீ. கவர் வேண்டும்.

எர்னஸ்ட் ரான்சம் ஞாபகம் இருக்கிறதா? சான் ஃபிரான்சிஸ்கோவில் சதுரக் கம்பியை முறுக்கி 1884இல் காப்புரிமை வாங்கியவர். ஒரே பரப்புள்ள வட்டத்தைவிடச் சதுரத்தின் சுற்றளவு சுமார் 13 சதவீதம் அதிகம். ஆனால் அதைவிட முறுக்கில்தான் அவருடைய மூளை இருக்கிறது. நான்கு மூலைகளும் திருகாணி மரைபோல ஓடுவதால் கம்பி நேராக உருவிக்கொண்டு வர முடியாது. கோல்டன் கேட் பூங்காவில் அவர் 1889இல் கட்டிய ஆல்வோர்ட் ஏரிப் பாலம் 1906 பூகம்பத்தைத் தாங்கி இன்றும் நிற்கிறது. எனக்கு அதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கும். நம் அப்பாக்கள் வீடு கட்டிய முறுக்குக் கம்பியும் அந்த வழியில் வந்ததுதான். முறுக்கினால் வலு கூடும், ஆனால் நீண்டு கொடுக்கும் குணம் குறையும். இப்போது கடையில் கிடைக்கிற டி.எம்.டி. கம்பியில் முறுக்கு இல்லை. சூடாக உருட்டி வரும்போதே தண்ணீர் பீய்ச்சி மேல்தோலை மட்டும் இறுக்குகிறார்கள், நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். அதனால் கம்பி கட்டுகிற ஆட்கள் வளைப்பதற்காக நெருப்பில் காய்ச்சினால் உடனே தடுத்துவிடு. அந்தத் தோலின் இறுக்கம் போய்விடும்.

லோடு இறங்கியதும் 12 மி.மீ. கம்பி ஒன்றை எடைபோடு. மீட்டருக்கு 0.888 கிலோ, 12 மீட்டர் நீளத்துக்கு 10.66 கிலோ வர வேண்டும். 5 சதவீதம் வரை முன்னேபின்னே இருக்கலாம். 10.1க்குக் கீழே போனால் நீ காசு கொடுத்த அளவு இரும்பு கம்பியில் இல்லை என்று அர்த்தம். வரியை விரலால் தடவிப் பார். தேய்ந்துபோன அச்சில் உருட்டியது கையிலேயே தெரியும்.

செல்வா, அந்தத் தளத்துக்கு அடியில்தான் உன் பிள்ளைகள் தூங்கப்போகிறார்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் சரி, மேஸ்திரி கோபித்தாலும் சரி, எடை தேறாத லோடைத் திருப்பி அனுப்பு. பணம் இடித்தால் என்னிடம் கேள். மாடி அறையை அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம். கேசவன் கடைத் தராசை ஞாயிற்றுக்கிழமை நானே எடுத்துவருகிறேன், அதுவரை ஒரு கம்பியையும் வெட்டவிடாதே.

உன்,
பாலு