நுகுலேகாவில் கிடைத்த அரம்

அன்புள்ள மாணிக்கம்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கண் அறுவை முடிந்து, படிக்கலாம் எழுதலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு இன்றுதான் உட்கார்ந்தேன். பேத்திக்குத் திருமணம் நிச்சயமானதில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். தேதி முடிவானதும் எழுது. முதல் நாளே வந்துவிடுகிறோம்.

இப்போது என்ன படிக்கிறாய் என்று கேட்டிருந்தாய். பசிபிக் கடலில் இருக்கும் டோங்காவைப் பற்றித்தான். டேவிட் பர்லி என்ற கனடா நாட்டுத் தொல்லியலாளர் அங்கே பல ஆண்டுகள் அகழாய்வு செய்திருக்கிறார். டோங்காடாபு தீவில், காயலின் வாயை ஒட்டி நுகுலேகா என்று ஒரு மீனவ ஊர். டோங்காவிலிருந்து ஹவாய், நியூசிலாந்து வரை பரந்து கிடக்கும் பாலினேசியத் தீவுகளில் மனிதர்கள் முதன்முதலில் குடியேறிய இடம் அதுதான் என்பது அவர் முடிவு.

அங்கே கிடைத்தவை பானைச் சில்லுகள். சீப்புப் பல் போன்ற அச்சை ஈரக் களிமண்ணில் குத்திக் குத்திப் போட்ட வடிவங்கள் அவற்றில் இருக்கின்றன. டோங்காவுக்கு மேற்கே இருக்கும் நியூ கலிடோனியா தீவில் 1952இல் தோண்டிய ஓர் இடத்தின் பெயரால் இவற்றை லபீட்டா பானைகள் என்கிறார்கள். நுகுலேகாவில் கிடைத்த சில சில்லுகளில், களிமண்ணோடு சேர்த்துப் பிசைந்திருந்த மணல் டோங்கா மணலே இல்லை. வில்லியம் டிக்கின்சன் என்ற புவியியலாளர் நுண்ணோக்கியில் பார்த்து அதைக் கண்டுபிடித்தார். அப்படியானால் அந்தப் பானை மேற்கே எங்கோ சுட்டெடுத்து, படகில் ஏறி வந்தது. யாரோ ஒருத்தி அதை உடையாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருப்பாள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சரி, எந்தக் காலம்? என்னைப் பிடித்துக்கொண்டது இந்தக் கேள்விதான். பழம்பொருளின் வயதைக் கணிக்க உதவும் கார்பன்-14க்கு அரைவாழ்வுக் காலம், அதாவது அதில் பாதி சிதைய ஆகும் காலம், 5,730 ஆண்டு என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதினேன். அந்த முறை எங்கே தடுமாறும் என்று பிள்ளைகளுக்கு ஒருநாளும் சொல்லித்தரவில்லை. நெடுநாள் வாழ்ந்த மரத்தின் நடுக்கட்டையை எரித்திருந்தால், அந்தக் கரி அடுப்பு மூட்டிய நாளைவிடப் பழைய வயதைக் காட்டும். சிப்பியானால், கடல் நீரில் உள்ள பழைய கார்பனுக்குக் கணக்கில் திருத்தம் செய்ய வேண்டும்.

பர்லி குழு எடுத்துக்கொண்டது பவளத்தை. கொம்பு மாதிரி கிளைவிடும் பவளத்தை ஒடித்து, மரத்தையும் சிப்பியையும் தேய்க்க அந்த மக்கள் அரமாகப் பயன்படுத்தினார்கள். தேய்ந்ததும் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பவளம் வளரும்போது கடல் நீரிலிருந்து யுரேனியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. தோரியம் நீரில் கரையாததால் அது கிட்டத்தட்ட சேர்வதே இல்லை. பிறகு யுரேனியம் சிதையச் சிதைய உள்ளே தோரியம்-230 கூடிக்கொண்டே போகும். இரண்டின் விகிதத்தை அளந்தால் வயது வந்துவிடும். 2012இல் வெளியிட்ட முடிவு: 2,838 ஆண்டு, கூட்டல் கழித்தல் 8.

எட்டே எட்டு, மாணிக்கம்! மொத்தம் 16 ஆண்டு இடைவெளி. நாம் ஒரே பள்ளியில் சேர்ந்து வேலை பார்த்த காலத்தில் பாதிதான். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் நடந்த ஒரு கரையிறக்கத்தை இவ்வளவு நெருங்கிப் பார்க்க முடிகிறது, அதுவும் வேண்டாம் என்று வீசிய பொருளை வைத்து. பவளம் செத்த நாளைத்தானே இது காட்டும், அரமாக்கிய நாளை எப்படிக் காட்டும் என்று நானும் முதலில் யோசித்தேன். ஆனால் கரையில் கிடந்து உருண்ட பவளம் மழுங்கிப்போகும். அரத்துக்குச் சொரசொரப்பு வேண்டும். புதிதாக ஒடித்துத்தான் எடுத்திருப்பார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் ஆச்சரியம். டோங்கா, அதற்கு வடக்கே இருக்கும் சமோவா, இந்தத் தீவுகளோடு அந்த மக்கள் ஏறத்தாழ 1,800 ஆண்டு நின்றுவிடுகிறார்கள். ஜேனட் வில்ம்ஷர்ஸ்ட் குழு 2011இல் 1,434 கார்பன் தேதிகளைச் சலித்து, விதை, சுள்ளி போன்ற குறுகிய ஆயுள் கொண்டவற்றை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டது. தஹிட்டி இருக்கும் சொசைட்டி தீவுகளுக்கு கி.பி. 1025க்கும் 1120க்கும் இடையில் போயிருக்கிறார்கள். ஹவாய், ராப்பா நூயி (ஈஸ்டர் தீவு), நியூசிலாந்து எல்லாம் 1190க்கும் 1290க்கும் இடையில். அவ்வளவு காலம் காத்திருந்தவர்கள் அத்தனை பெரிய கடலை ஒரே நூற்றாண்டில் கடந்துவிட்டார்கள்.

உன்னிடம் கேட்க ஒன்று இருக்கிறது. மடியில் வைத்துக் காப்பாற்றிக் கொண்டுவந்த அந்தப் பானையை, பிற்பாடு டோங்காவிலும் சமோவாவிலும் செய்வதையே விட்டுவிட்டார்கள். கிழக்கே போனவர்கள் குயவுத் தொழிலே இல்லாமல்தான் போனார்கள். மண் அடுப்புக்குழியில் சூடான கல்லைப் போட்டுச் சமைக்கப் பானை தேவைப்படவில்லை என்பது எனக்குப் பாதி பதிலாகத்தான் படுகிறது. நாற்பது வருஷம் வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நீ. ஒரு தொழில் அப்படி ஏன் அற்றுப்போகும்? யோசித்து எழுது. கல்யாணத்துக்கு வரும்போது உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
சுந்தரம்