பெயர்கள் கடைசி வரை ஓடட்டும்

ஓடிடி தளங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம். அடுத்த மாதத்திலிருந்து சந்தா உயர்கிறது என்று நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல் கிடைத்தது. இந்த மடல் அதைப் பற்றியது அல்ல. படமோ தொடரோ முடிந்ததும் வரும் பெயர்ப் பட்டியலை வெட்டுவதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். இதையே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் பலமுறை எழுதியாயிற்று. ‘உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்’ என்ற பதில் ஒவ்வொரு முறையும் ஒரே நொடியில் வந்துவிடுகிறது. அத்தனை வேகமாகப் படிக்கக்கூடியவர்களுக்கு இந்த நீண்ட மடலும் சிரமம் தராது என்று நம்புகிறேன்.

நடந்தது இதுதான். உங்களில் ஒருவருடைய தளத்தில் ‘தி குளோசர்’ என்ற அமெரிக்கத் தொடரின் கடைசிப் பருவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2012இல் ஒளிபரப்பாகி முடிந்துபோன தொடர் என்பதால் கதையைச் சொல்லிவிட்டேன் என்று யாரும் கோபிக்க மாட்டார்கள். லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை அதிகாரி பிரெண்டா; எந்நேரமும் வேலை, வேலை. அவளுடைய பெற்றோர் வந்து தங்கியிருக்கிறார்கள். ‘உன்னிடம் ஒன்று பேச வேண்டும்’ என்கிறார் அம்மா வில்லி ரே. மகள் ஒத்திப்போடுகிறாள். மறுநாள் காலையில் அம்மாவை எழுப்பப் போனால், அவர் தூக்கத்திலேயே இறந்துபோயிருக்கிறார். என்ன பேச நினைத்தார் என்பது அவரோடு போய்விட்டது. பாகம் அங்கே முடிகிறது.

அந்த இடத்தில் பார்க்கிறவருக்கு அரை நிமிடம் வேண்டும். எழுதியவர்களுக்கு அது தெரியும், இசையமைத்தவருக்கும் தெரியும். நீங்கள் என்ன செய்தீர்கள்? திரை சட்டென்று தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கி ஒரு மூலைக்குப் போனது. மிச்ச இடம் முழுவதையும் ஏதோ சமையல் போட்டி பிடித்துக்கொண்டது. ஒருவர் கேக்கைக் கீழே போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். ஓரத்தில் ஒரு வட்டம்: ஐந்து, நான்கு, மூன்று. ரிமோட் தலையணைக்கு அடியில் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, அம்புக்குறியை அந்தச் சின்னப் பெட்டிக்குக் கொண்டுபோவதற்குள் அடுத்த பாகம் தொடங்கிவிட்டது. பின்னால் ஓட்டினேன். அதே நொடி வந்ததும் திரை திரும்பவும் சுருங்கியது. அதே கேக், அதே சிரிப்பு. இறந்துபோன அம்மாவாக நடித்தவரின் பெயரைப் படிக்க நினைத்தவனுக்கு உங்கள் தளம் கொடுத்த மரியாதை இவ்வளவுதான்.

தானியங்கி ஓட்டத்தை அணைத்துவிடலாமே என்பீர்கள். அணைத்துப் பார்த்தாயிற்று. அடுத்த பாகம் தொடங்குவது நின்றது; படம் சுருங்குவது நிற்கவில்லை. விருந்து நடிகர்களின் பெயர்கள் தொடக்கத்திலேயே வந்துவிடுகின்றனவே என்றும் சொல்லலாம். வருகின்றன. யார் யார் என்றே தெரியாத நேரத்தில், கதாநாயகி காரை விட்டு இறங்கி நடக்கும் காட்சிக்கு அடியில் வந்து போகின்றன. ஒரு முகம் மனத்தில் தைத்த பிறகுதான் ‘யார் இவர்?’ என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி எழுகிற நேரத்தில் கதவைச் சாத்துவது நீங்கள்தான்.

யார் அவர் என்று நானே சொல்லிவிடுகிறேன். பிரான்சஸ் ஸ்டெர்ன்ஹேகன். 1930இல் வாஷிங்டனில் பிறந்தவர். 2023 நவம்பரில், 93ஆம் வயதில் காலமானார். உங்கள் கிடங்கில் அவர் எத்தனை இடங்களில் இருக்கிறார் என்று உங்களுக்கே தெரிந்திருக்காது. ‘சியர்ஸ்’ தொடரில், எல்லாம் தெரிந்தவர்போல அளந்துவிடும் தபால்காரர் கிளிஃபின் அம்மா எஸ்தர் அவர்தான். ‘ஈ.ஆர்.’ தொடரில் டாக்டர் கார்ட்டரின் பணக்காரப் பாட்டி அவர்தான். ‘செக்ஸ் அண்ட் தி சிட்டி’யில் மகனும் மருமகளும் இருக்கும் படுக்கையறைக்குள் கதவைக்கூடத் தட்டாமல் நுழைகிற மாமியார் பன்னியும் அவர்தான். அம்மா, பாட்டி, மாமியார் என்று ஒரே அச்சில் வார்த்த வேடங்கள்போலத் தெரியும். பார்த்தால் எஸ்தரின் அசட்டுத்தனத்தில் ஒரு துளிகூடப் பன்னியிடம் கிடையாது. பன்னியின் திமிரில் ஒரு துளிகூட வில்லி ரேயிடம் கிடையாது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதுக்கு மூன்று முறை பரிந்துரைக்கப்பட்டார், ‘சியர்ஸ்’ வழியாக இருமுறை, பன்னிக்காக ஒருமுறை. ஒன்றும் கிடைக்கவில்லை.

மேடையில் கதை வேறு. நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளான பிராட்வேயில் 1955இலேயே கால் வைத்தவர். செகாவின் சிறுகதைகளைத் தழுவி நீல் சைமன் எழுதிய ‘தி குட் டாக்டர்’ நாடகத்தில் ஒரே இரவில் பல பெண்களாக மாறி நடித்து 1974இல் அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனியை வாங்கினார். 1995இல் ‘தி ஏரஸ்’ நாடகத்தில் அத்தை லவீனியாவாக நடித்து இரண்டாவது டோனி. பரிந்துரைகள் மொத்தம் ஏழு. நியூயார்க்கை ஒட்டிய நியூ ரோஷலில் குடும்பம், கணவரும் நடிகர், ஆறு குழந்தைகள். ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே வாரத்துக்கு எட்டுக் காட்சி மேடையேறுவது என்றால் என்ன என்பதை, ஒரு பாகத்தின் முடிவில் ஐந்து நொடிகூடப் பொறுக்க முடியாதவர்களுக்கு எப்படி விளக்குவது?

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 1974இல் ‘எக்வஸ்’ நாடகம் பிராட்வேக்கு வந்தபோது, கதையின் மையமான பையனுக்கு அம்மாவாக, டோராவாக நடித்தவர் ஸ்டெர்ன்ஹேகன்தான். 1977இல் அது படமானபோது டோரா வேடம் ஜோன் பிளோரைட்டுக்குப் போனது. 1979இல் ‘ஆன் கோல்டன் பாண்ட்’ நாடகம் முதன்முதலாகப் பிராட்வேயில் ஏறியபோது கிழவி எத்தெல் அவர். அப்போது அவருக்கு வயது 49. எழுபதை ஒட்டிய பெண்ணாக நடித்தார். 1981இல் படம் வந்தது. எத்தெல் கேத்தரின் ஹெப்பர்ன். அவருக்கு நான்காவது ஆஸ்கர். ‘டிரைவிங் மிஸ் டெய்சி’ நாடகத்தில் டெய்சியாக முதலில் நடித்தவர் டானா ஐவி. அவருக்குப் பிறகு அந்த வேடத்தை ஏற்று நீண்ட காலம் நடித்தார் ஸ்டெர்ன்ஹேகன். 1989இல் படம் வந்தது. டெய்சி ஜெசிக்கா டேண்டி. எண்பது வயதில் ஆஸ்கர். ஹெப்பர்னையோ டேண்டியையோ குறை சொல்ல எனக்கு வாய் வராது. இருவரும் மாமேதைகள். ஆனால் மேடையில் இரவுக்கு இரவு அந்தப் பெண்களுக்கு உயிர் கொடுத்தவரை சினிமா கூப்பிடாததற்குக் காரணம் ஒன்றுதான்: சுவரொட்டியில் போட்டால் டிக்கெட் விற்கும் பெயர் அவருடையது அல்ல.

சரி, சினிமா வியாபாரம். சுவரொட்டியில் இடம் கிடையாது என்றால் போகட்டும். குணச்சித்திர நடிகைக்கு மிஞ்சுவது கடைசிப் பட்டியலில் ஒரு வரி. இந்தப் பக்கம் பாத்திரத்தின் பெயர், அந்தப் பக்கம் அவருடைய பெயர். அந்த ஒரு வரியையும் மூலைக்குத் தள்ளி, எறும்பு ஊர்வதைப்போல ஆக்கிவிட்டு, அதன் தலைமேல் கேக் விழுகிற விளம்பரத்தைப் போடுகிறீர்கள். அந்த வரியை விட்டுவிடுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

அவர் கூப்பிடப்பட்ட படங்களில் என்ன செய்தார் என்பதற்கு இரண்டே உதாரணம் சொல்கிறேன். 1981இல் வந்த ‘அவுட்லேண்ட்’: வியாழன் கோளின் நிலவான அயோவில் ஒரு சுரங்கக் குடியிருப்பு. ஊழலை எதிர்க்கும் ஷான் கானரிக்குத் துணையாக ஒருவரும் வராதபோது கூட நிற்பவர் சிடுசிடுப்பான டாக்டர் லாசரஸ். ஐம்பது வயதுப் பெண். காதலியும் இல்லை, அம்மாவும் இல்லை. தன் வேலை தெரிந்த, வாய்த்துடுக்கான ஒரு மருத்துவர். விண்வெளிப் படங்களில் அப்படி ஒரு பெண் வேடத்தை இன்றைக்கும் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. அடுத்தது 1990இல் வந்த ‘மிசரி’. உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிஃபின் மனைவியாக வருகிறார். அவரே துணை ஷெரிஃபும்கூட. காரில் இருக்கும்போது நீ என் மனைவி அல்ல, என் உதவியாளர் என்று கணவர் விறைப்பாகச் சொல்ல, அந்த உதவியாளருக்கு ஷெரிஃபோடு வீட்டில் போர்வைக்குள் இருக்கத்தான் விருப்பம் என்று முகம் மாறாமல் பதில் சொல்வார். நடுங்க வைக்கும் படத்தில் ஒரு நிமிடம் மூச்சுவிட இடம் தருகிற காட்சி. அந்தப் படத்தில் கேத்தி பேட்ஸ் ஓங்குகிற சம்மட்டியை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். வைத்திருக்க வேண்டியதுதான். போர்வை வசனத்தைச் சொன்னவர் யார் என்று கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்கள் நீங்கள் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சி திரையைப் பிரித்து, பெயர்களை ஒரு ஓரத்தில் ஓடவிட்டு, மிச்ச இடத்தில் தன் அடுத்த நிகழ்ச்சிக்கான முன்னோட்டத்தைப் போட்டது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். அவர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது: பட்டியல் ஓடும் நேரத்தில் பார்வையாளர் வேறு சேனலுக்குத் தாவிவிடுவார். நான் எங்கே தாவப்போகிறேன்? மாதப் பணத்தை முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பணம் கட்டிய பிறகும் நடுநடுவே விளம்பரம் போடுகிறீர்கள். அதை முழுத் திரையில், ஒரு நொடிகூடக் குறைக்காமல், தாண்டவும் விடாமல் காட்டுகிறீர்கள். சோப்புக் கட்டிக்கு இருக்கும் உரிமை நடிகருக்கு இல்லையா? இன்னொன்று. வரிசையாகச் சில பாகங்கள் பார்த்துவிட்டால் படத்தை நிறுத்திவிட்டு ‘இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று விசாரிக்கிறீர்கள். நான் விழித்திருக்கிறேனா என்று கேட்க நேரம் இருக்கிறது. பெயரைக் காட்ட நேரம் இல்லை.

இதில் பறிபோவது அமெரிக்கர்களின் பெயர் மட்டும் அல்ல. வெளிநாட்டுத் தொடர்களைத் தமிழில் தருகிறீர்கள், நன்றி. அவற்றுக்குக் குரல் கொடுத்த தமிழ்க் கலைஞர்களின் பெயர்களை எங்கே போடுகிறீர்கள்? எல்லாப் பெயர்களும் ஓடி முடிந்த பிறகு, கடைசியிலும் கடைசியாக ஒரு அட்டையில். அதுவரை அந்தச் சின்னப் பெட்டியைப் பிடித்து வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்? குரல் இங்கே இருக்கிறது. ஆள் யார் என்று அவருடைய அண்டை வீட்டுக்காரருக்கே தெரியாது.

படங்களுக்கான அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனை உண்டு: இறுதிப் பட்டியல் படிக்கத்தக்க நிறத்திலும் அளவிலும் வேகத்திலும் இருக்க வேண்டும். தயாரிப்பாளர் அதை மதித்துத்தான் செய்து அனுப்புகிறார். நிறத்தில் நீங்கள் கைவைக்கவில்லை என்பது உண்மை. அளவும் நேரமும்தான் போய்விட்டன.

குரல் கொஞ்சம் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது சிறிய மாற்றம். பெயர்ப் பட்டியல் முழுத் திரையில், கடைசி வரி வரை ஓடட்டும். ‘அடுத்த பாகம்’ என்ற பொத்தான் கீழே ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும். அவசரமாகப் போக விரும்புகிறவர் அதை அழுத்திவிட்டுப் போகலாம். அவரை யாரும் தடுக்கவில்லை. இப்போது உட்கார்ந்திருக்க விரும்புகிறவன்தான் ரிமோட்டைத் தேடி ஓட வேண்டியிருக்கிறது. அதைத் தலைகீழாக்குங்கள். முன்பருவங்களின் பாகங்களுக்கும், பழைய படங்களுக்கும் சேர்த்தே கேட்கிறேன். ஸ்டெர்ன்ஹேகனைப் போன்றவர்கள் அங்கேதான் அதிகம் இருக்கிறார்கள். உடனே எல்லோருக்கும் செய்ய முடியாது என்றால், கணக்கு அமைப்பில் ‘பெயர்களை முழுமையாகக் காட்டு’ என்று ஒரு தேர்வையாவது கொடுங்கள். அதைத் தொலைக்காட்சியிலேயே மாற்ற முடிகிற மாதிரி வையுங்கள். கணினியைத் திறந்து ஆறு பக்கம் தாண்டிப் போகச் சொல்லாதீர்கள்.

இந்த மடலுக்கு இயந்திரம் அனுப்பும் ஒற்றைவரிப் பதில் வேண்டாம். உங்கள் அலுவலகத்தில் ஒருவர் படித்து, முடியும் என்றோ முடியாது என்றோ எழுதட்டும். எழுதியவர் தம் பெயரையும் கீழே போடட்டும்; நான் முழுவதும் படிப்பேன்.

பணிவுடன்,
சந்தா தவறாமல் கட்டிவரும் ஒரு பார்வையாளன்