கரண்டி மூழ்கியது, குண்டான் மிதந்தது

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்கு வந்ததும் கையில் கிடைத்ததையெல்லாம் வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்கிறார்கள் என்று சில அம்மாக்கள் வாசலில் நின்று சொன்னீர்கள். காரணம் நாங்கள்தான். வகுப்பில் இப்போது மிதப்பது, மூழ்குவது நடக்கிறது, அதில் உங்களிடம் ஓர் உதவி வேண்டும்.

"கனமா இருந்தா மூழ்கும், லேசா இருந்தா மிதக்கும்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். நானும் பல வருடம் அப்படித்தான் பாடம் நடத்தினேன், அது சரியில்லை. செவ்வாய்க்கிழமை ஒரு எவர்சில்வர் கரண்டியையும் சத்துணவுக் கூடத்திலிருந்து வாங்கி வந்த குண்டானையும் வைத்து, எது மூழ்கும் என்று கேட்டோம். எல்லாக் கையும் குண்டான் பக்கம். போட்டால் கரண்டி 'ணங்' என்று அடியில் போய் உட்கார்ந்தது, குண்டான் ஆடி ஆடி மேலேயே நின்றது. ஒரு பெண் குழந்தை வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "குண்டானுக்குள்ள நெறைய இடம் இருக்கு டீச்சர், கரண்டிக்குள்ள ஒண்ணுமே இல்ல" என்றாள்.

இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. எடை மட்டும் போதாது, அந்த எடை எவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. அதே இடத்தை அடைக்கும் பொருள் 1 கிலோவுக்குக் குறைந்தால் மிதக்கும், கூடினால் மூழ்கும். எவர்சில்வர் அதே அளவு தண்ணீரைவிடக் கிட்டத்தட்ட 8 மடங்கு கனம். குண்டானோ உள்ளே காற்றை வைத்துக்கொண்டு, தன் எடைக்குச் சமமான தண்ணீரை ஒதுக்கிவிட்டு நின்றுவிடுகிறது. இது உங்களுக்காகச் சொன்னது, ஆறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு வேண்டாம். காலிச் சொம்பைத் தண்ணீருக்குள் அழுத்தச் சொல்லுங்கள், தண்ணீர் திருப்பித் தள்ளுவது கைக்கே தெரியும்.

அப்புறம் ஆரஞ்சு. தோலோடு போட்டால் மிதக்கும், வெள்ளை நார் போகச் சுத்தமாக உரித்துப் போட்டால் அநேகமாக மூழ்கிவிடும். தோலில் பொடிப்பொடியாகக் காற்று அடைந்திருக்கிறது, ஏற்காடு ஏரியில் படகு ஏறும்போது மாட்டிவிடுகிறார்களே அந்த மிதவைச் சட்டை மாதிரி. போடுவதற்கு முன்னால் "நீ என்ன நினைக்கிறே?" என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தாமல் கொஞ்சம் பொறுங்கள், அந்தப் பொறுமைதான் நமக்குக் கஷ்டம், எனக்கும்தான்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. பெரியவர் யாராவது பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யட்டும், முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள், வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் இன்னும் கவனம். ஏரி, கிணறு, தொட்டிப் பக்கம் தனியாகப் போய்ச் சோதித்துப் பார்க்கக் கூடாது என்று நாங்களும் தினமும் சொல்கிறோம். குளிருக்குப் பயந்தால் வெதுவெதுப்பான தண்ணீர் வையுங்கள்.

காப்பித் தோட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறித்த பழத்தைத் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினால் சொத்தையும் பொக்கும் மேலே வந்துவிடும், நல்ல பழம் அடியில் தங்கும் என்பது உங்களுக்குத் தெரிந்த வேலை. உங்களில் யாராவது வரும் வியாழக்கிழமை காலை இரண்டு பிடி பழத்தோடு வந்து வகுப்பில் செய்து காட்ட முடியுமா? உங்கள் வேலையில் இந்தப் பாடம் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் உங்கள் வாயாலேயே கேட்கட்டும். வர முடிந்தவர்கள் புதன்கிழமைக்குள் வகுப்பு டீச்சரிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்