லிஸ்பனில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். தோழிகளுடன் யூரோவிஷன் என்னும் ஐரோப்பியப் பாட்டுப் போட்டியைப் பார்த்ததைப் பற்றி எழுதியிருந்தாய். "எல்லாம் வெறும் ஜிகினா அப்பா, பாட்டை யார் கேட்கிறார்கள்?" என்றும் கேட்டிருந்தாய். வேறு ஊரில் இருந்து கேட்டிருந்தால் விட்டிருப்பேன். நீ இருப்பது போர்ச்சுகலின் லிஸ்பன். அந்த நாடு 1974-இல் அனுப்பிய பாட்டின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அம்மா.

அந்த ஆண்டுப் போட்டி ஏப்ரல் 6 அன்று இங்கிலாந்தில் உள்ள பிரைட்டனில் நடந்தது. வென்றது சுவீடனின் ஆபா குழு. போர்ச்சுகலுக்காக 'இ தெபோய்ஷ் து அதேயுஷ்' என்ற பாட்டைப் பாடிய பவுலோ டி கார்வால்யோவுக்குக் கிடைத்தவை 3 புள்ளிகள். வேறு மூன்று நாடுகளோடு சேர்ந்து கடைசி இடம். காதலியைப் பிரிந்த ஒருவன் தனக்குள் புலம்பும் பாட்டு அது. அரசியல் ஒரு சொல்கூடக் கிடையாது.

அப்போது போர்ச்சுகலில் 48 ஆண்டுகளாகச் சர்வாதிகாரம். அங்கோலா, மொசாம்பிக், கினி-பிசாவ் என்று ஆப்பிரிக்காவில் அதன் காலனிகளில் ஓயாத போர். வெறுத்துப்போன இளம் ராணுவ கேப்டன்கள் ஆட்சியைக் கவிழ்க்க ரகசியமாகத் திட்டமிட்டார்கள். பல முகாம்களில் இருப்பவர்களும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். அதற்கு வானொலியில் ஓர் அடையாளம் வேண்டும். அரசுக்கு ஆகாத பாடகரின் பாட்டைப் போட்டால் காரியம் கெட்டுவிடும். ஊரறிந்த போட்டிப் பாட்டை யார் சந்தேகிப்பார்கள்?

ஏப்ரல் 24 இரவு, பதினொரு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம் என்று அறிவிப்பாளர் நேரம் சொன்னார். அடுத்து அந்தப் பாட்டு. ஏதோ ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு பெண் அதை முணுமுணுத்திருப்பாள். சற்றுத் தள்ளி ஒரு முகாமில் ஒரு கேப்டன் சட்டென்று எழுந்து நின்றிருப்பார். நினைத்தாலே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்த வானொலி நிலையம் லிஸ்பன் சுற்றுவட்டாரத்துக்குத்தான் எட்டும். அதனால் நள்ளிரவு கடந்து 12.20-க்கு, நாடு முழுக்கக் கேட்கும் இன்னொரு நிலையத்தில் பாடகர் ஜெக்கா அஃபோன்சுவின் 'கிராந்துலா, விலா மொரேனா' என்ற பாட்டு ஒலித்தது. அதன் பிறகு பின்வாங்க வழியில்லை. 25-ஆம் தேதி மாலை பிரதமர் கயத்தானோ கார்மு முகாமில் சரணடைந்தார். துப்பாக்கிக் குழல்களில் சிவப்புக் கார்னேஷன் பூக்களைச் செருகிய படங்களை நீயும் பார்த்திருப்பாய்.

நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1961-இல் கோவா இந்தியாவோடு இணைந்ததை அதுவரை ஏற்க மறுத்த போர்ச்சுகல், 1974 டிசம்பரில்தான் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

மறு ஆண்டுப் போட்டிக்கு அவர்கள் யாரை அனுப்பினார்கள் தெரியுமா? புரட்சியில் பங்கெடுத்த ஒரு ராணுவ கேப்டனையே! துவார்த்தே மென்டிஷ் என்பது அவர் பெயர். அவருக்கும் புள்ளிகள் குறைவுதான். போர்ச்சுகல் முதன்முறை வென்றது 2017-இல். சல்வடோர் சொப்ரால் தன் அக்கா எழுதிய பாட்டை எந்த ஆர்ப்பாட்டமும் இல்லாமல் பாடினார். அதைக் கட்டாயம் கேள்.

ஆனாலும் என் மனம் அந்த 3 புள்ளிப் பாட்டிடம்தான் போகிறது. கிராந்துலாவை எல்லோரும் போற்றுகிறார்கள், அதற்குத் தகுதியும் உண்டு. முதலில் ஒலித்த பாட்டை இரண்டாம் வரியில் சொல்லிவிட்டுக் கடப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

உன் வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்றாயே. அன்று இரவு அவர் வானொலி கேட்டாரா, எந்தப் பாட்டு நினைவிருக்கிறது என்று விசாரித்து எழுது. அவர் சொல்வதைச் சுருக்காமல் அப்படியே எழுது.

அன்புடன்,
அப்பா