சிவப்புச் சும்பா துணிக்கு ஏன் இந்த விலை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நம் நாகர்கோவில் கடையில் மாட்டியிருக்கும் குதிரை போட்ட சிவப்புத் துணியைப் பற்றித்தான் இப்போது அதிகம் கேட்கிறீர்கள். அதே டிசைன் சால்வை பக்கத்து ரேக்கில் மலிவாகக் கிடக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு விலை என்பது நியாயமான கேள்விதான்.

மலிவானது மில் துணியில் அச்சடித்தது. மாட்டியிருப்பது இந்தோனேசியாவின் சும்பா தீவில் பெண்கள் கையால் நெய்தது. அங்கே தறியில் ஏற்றும் முன்பே பாவு நூலில், அதாவது நீளவாக்கில் ஓடும் நூலில், டிசைன் வந்துவிடும். சாயம் ஏறக்கூடாத இடத்தை ஓலைக் கீற்றால் இறுக்கிக் கட்டி, முக்கி, காயவைத்து, அவிழ்த்து, அடுத்த நிறத்துக்கு மறுபடி கட்ட வேண்டும். நீலம் அவுரியில் எடுப்பது. நம்மூரில் நோனி ஜூஸ் என்று பாட்டிலில் விற்கிறார்களே, அந்த மரத்தின் வேரில்தான் சிவப்பு. அது லேசில் பிடிக்காது; நூலுக்கு எண்ணெய் ஏற்றிப் பல தடவை முக்க வேண்டும். அப்புறம்தான் தறி. அதுவும் இடுப்பில் வார் கட்டி இழுத்து நெய்வது.

ஆண்கள் இதை ஜோடியாக உடுத்துவார்கள், இடுப்பில் ஒன்று, தோளில் ஒன்று. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் குதிரையும் எருமையும் கொடுக்க, பெண் வீட்டார் துணி கொடுப்பார்கள். சாவில் நாம் கோடி போடுகிறோம். அங்கே பெரிய குடும்பம் என்றால் அடுக்கடுக்காகத் துணி சுற்றுவார்கள். டச்சுக் கம்பெனிக் கப்பலில் போன பட்டோலா என்ற குஜராத் பட்டுத் துணியைப் பார்த்து எடுத்த டிசைன்களும் உண்டு. அவையும் இந்த வேர்ச் சிவப்பும் ஒரு காலத்தில் அரச குலத்தாருக்கு மட்டுமே.

இதைக் கேட்டு நாம் சிரிக்க முடியாது. திருவிதாங்கூரில் நம் மாவட்டத்துப் பெண்கள் தோள்சீலைக்காக அடிபட்டார்கள். 1859 ஜூலை 26 அன்று வந்த அரசாணைகூட, மேல்சாதிப் பெண்கள் போடுவது போல மட்டும் போடக்கூடாது என்றுதான் நாடார் பெண்களுக்கு அனுமதி கொடுத்தது.

சரி, வாங்குவதற்கு வருவோம். துணியைத் திருப்பிப் பாருங்கள். அச்சு என்றால் பெரும்பாலும் பின்பக்கம் வெளிறியிருக்கும். கட்டிச் சாயமேற்றியதில் இரண்டு பக்கமும் ஒரே அழுத்தம், உருவங்களின் ஓரம் கொஞ்சம் கலங்கியிருக்கும். இப்போது சும்பாவிலும் மில் நூல், கெமிக்கல் சாயத்தில் நிறைய நெய்கிறார்கள். அந்த வகையும் நம்மிடம் இருக்கிறது, விலை குறைவு. எது எந்த வகை என்று பில்லில் எழுதித் தருகிறோம். ஆடித் தள்ளுபடி அச்சுத் துணிக்கு மட்டும். வேர்ச் சாயத் துணியைச் சோப்புத்தூளில் ஊறவைக்காதீர்கள், நிழலில் உலர்த்துங்கள்.

தலையணை உறை தைத்துக் கேட்டவர்களுக்கு: வாங்கிய பிறகு அது உங்கள் துணி, ஆனால் எங்கள் டெய்லர் அதில் கத்தரி வைக்கமாட்டேன் என்கிறார். அச்சுத் துணியில் எத்தனை உறை வேண்டுமானாலும் தைத்துத் தருவார்.