ஃபேன் ரிலேயை மறுபடி மாற்றும் முன் அளந்து பாருங்கள்: குமரி மாவட்டப் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பட்டறை நடத்தும் அண்ணன்மாருக்கும் தொழில் பழகும் தம்பிமாருக்கும் வணக்கம்.

தக்கலைப் பக்கம் கார் வயரிங் வேலை பார்ப்பவன் நான். உங்களில் பலரோடு சாமான் கொடுத்தும் வாங்கியும் பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் ஃபேனுக்குக் கரண்டை விட்டும் நிறுத்தியும் வைக்கிற சுவிட்சுதான் ரிலே. ஒரு காருக்கு அது இரண்டாம் முறையும் போய்விட்டால், இன்னொன்றைச் செருகி அனுப்பாதீர்கள். மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, வழியில் எத்தனை வோல்ட் இழக்கிறது என்று அளந்து, அந்த எண்களை வண்டிக்காரரின் பில்லில் எழுதிக் கொடுங்கள்.

குளச்சலிலிருந்து வந்த ஒரு வாடகைக் கார்தான் இந்த மடலை எழுத வைத்தது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளுக்கு நோயாளிகளை ஏற்றிப் போகிற வண்டி. காலி ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். மார்த்தாண்டம் தாண்டி குழித்துறை, களியக்காவிளை என்று பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் ஊர்ந்து போகும்போது அந்தக் காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான் துணை. அங்கே அது நின்றால் கூலண்ட் கொதிக்கும், என்ஜினின் மேல்பாகமான அலுமினிய ஹெட் வளையும், அதன் அடியில் அடைப்பாக இருக்கும் காஸ்கெட் போகும். அதைவிட, டயாலிசிஸுக்குப் போகிற ஒரு பெரியவர் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். அதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வண்டிக்குப் பல இடங்களில் ரிலே மாற்றியிருந்தார்கள். மாற்றிய அன்று ஓடும், சில வாரத்தில் நின்றுவிடும். நல்ல வேளையாக, கழற்றிய ரிலேக்களை டிரைவர் டேஷ்போர்டில் போட்டு வைத்திருந்தார். தயவுசெய்து செத்த ரிலேயைக் குப்பையில் எறியாதீர்கள். மூடியை பிளேடால் நெம்பித் திறந்தால் நோய் எங்கே என்று பாதி தெரிந்துவிடும். காந்தச் சுருளான காயில் நன்றாக இருந்து, கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட் மட்டும் கரிந்து குழிவிழுந்திருந்தால், பெரும்பாலும் லோடு அதிகம், அல்லது ரிலே பிடித்தும் விட்டும் படபடத்திருக்கிறது. பாயிண்ட் இரண்டும் ஒட்டிக்கொண்டிருந்தால் சாவியை எடுத்த பிறகும் ஃபேன் ஓடி பேட்டரியை இறக்கியிருக்கும். மோட்டாருக்குக் கரண்ட் போகிற 30 அல்லது 87 நம்பர் பின்னின் அடியில் பிளாஸ்டிக் பழுப்பேறி இளகியிருந்தால் குற்றம் ரிலே உட்காரும் சாக்கெட்டில். காயிலையும் அதன் இரு முனைகளான 85, 86 பின்களில் ஓம் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான 12 வோல்ட் ரிலேக்களில் 70 முதல் 100 ஓம் வரை காட்டும்.

குளச்சல் வண்டியில் பாயிண்ட் கரிந்திருந்தது, சாக்கெட்டின் 30 நம்பர் துளையும் கருத்திருந்தது. ஃபேன் இறக்கையைக் கையால் சுற்றினால் இறுக்கமாக இருந்தது. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்த மோட்டார். அதே மாடலில் நல்ல மோட்டார் எடுப்பதைப்போல ஏறக்குறைய இருமடங்கு கரண்ட் எடுத்தது. அப்படியிருந்தும் ஏன் ஃபியூஸ் போகவில்லை என்று டிரைவர் கேட்டார். நியாயமான கேள்வி. 30 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் 33 ஆம்பியரை மணிக்கணக்காகத் தாங்கும். அதற்குள் ரிலே பாயிண்டும் சாக்கெட்டும் வெந்துவிடும். இதில் சிலர் ஃபியூஸையும் பெரிதாக்கிப் போடுகிறார்கள். அடுத்து எரியப்போவது வயர்.

இனி வோல்ட் இழப்பு. ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி பிளஸ்ஸிலும் மறு முனையை வயர்களை இணைக்கும் கப்ளரில் மோட்டாரின் பிளஸ் பின்னிலும் தொடுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மோட்டாரின் எர்த் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த்தைக் கழற்றிச் சுரண்டுங்கள். 20 ஆம்பியர் ஓடும் இடத்தில் 2 வோல்ட் இழந்தால் 40 வாட் சூடு. ஒரு சால்டரிங் அயர்னை அந்த சாக்கெட்டுக்குள் சொருகி வைத்ததற்குச் சமம். தளர்ந்த பின் உள்ள பழைய சாக்கெட்டில் எவ்வளவு உயர்ந்த கம்பெனி ரிலேயைப் போட்டாலும் நிற்காது. பின்னை மாற்றத்தான் வேண்டும்.

டெஸ்ட் லாம்ப் எரிகிறது, லைன் சரி என்று முடிவு கட்டாதீர்கள். 5 வாட் பல்புக்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் அது பளிச்சென்று எரியும்.

நம் ஊர் நிலைமை மற்ற ஊர்களைவிட மோசம். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி என்று கடலோரம் முழுக்க உப்புக் காற்று, போதாததற்கு வருடத்தில் இரண்டு மழைக்காலம். கப்ளருக்குள் பச்சைக் களிம்பு பிடிக்காத பழைய வண்டியை அங்கே நான் அதிகம் பார்த்ததில்லை. ரிலே காயிலும் மோட்டாரும் ஒரே எர்த்தில் சேர்ந்து, அந்த எர்த் துருப்பிடித்திருந்தால் இன்னொரு கோளாறு வரும். மோட்டார் கிளம்பும்போது காயிலுக்குக் கிடைக்கும் வோல்ட் சரியும், ரிலே பிடித்தும் விட்டும் படபடக்கும். ஒவ்வொரு படபடப்பிலும் பொறி பறந்து பாயிண்ட் தின்னப்படும். ரிலேமேல் விரல் வைத்தாலே அது தெரியும்.

கடையில் நாலு பின் ரிலே கேட்டால் ஏதோ ஒன்றைத் தருகிறார்கள். சில வண்டிகளில் காயிலோடு சேர்த்து டயோடு அல்லது ரெசிஸ்டர் வைத்த ரிலே இருக்கும். அங்கே வெறும் ரிலேயைப் போட்டால் என்ஜினின் கம்ப்யூட்டரான ஈசிஎம்முக்கே ஆபத்து. பழைய ரிலேயின் மேல் உள்ள படத்தைப் பார்த்து வாங்குங்கள்.

ஃபேனைச் சாவியிலிருந்து டைரக்டாகக் கொடுத்துவிடும் வழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். என்ஜின் சூடேறத் தாமதமாகும், மோட்டார் நிற்காமல் ஓடித் தேயும், உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும். வண்டிக்காரர் அவசரப்படுத்துகிறார் என்பது சரிதான். ஆனால் மேலே சொன்ன சோதனைகளுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது.

மல்டிமீட்டர் இல்லாத பட்டறை இன்று இல்லை. வயரைக் கவ்விப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் குறை. வீட்டு வயரிங்காரர் வைத்திருக்கும் ஏசி கிளாம்ப் இதற்கு உதவாது, டிசி ஆம்பியர் காட்டுவதாக வேண்டும். என்னிடம் ஒன்று இருக்கிறது. தக்கலை வழியாக வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போகலாம், சாயங்காலம் திருப்பித் தந்தால் போதும். தொழில் பழகும் பையன்களையும் அனுப்புங்கள், அளக்கிற முறையைச் சொல்லித் தருகிறேன்.

இப்படிக்கு,
தக்கலைப் பக்கத்து ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவன்