பிளானை மாற்றும் முன் ரவுட்டரைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் புதுப் போன்களைப் பற்றி நிறைய எழுதுகிறீர்கள், நல்லதுதான். ஆனால் அந்தப் போனை வீட்டு பிராட்பேண்டில் இணைத்த பிறகு வரும் தொல்லையைப் பற்றி எளிமையாகச் சொல்ல ஆளில்லை. வீடியோ நின்று நின்று ஓடினால் உடனே "பெரிய பிளானுக்கு மாறுங்க" என்கிறார்கள், நாமும் கூடுதலாகப் பணம் கட்டுகிறோம், அப்புறம் அதே அறையில் அதே தொல்லை தொடர்கிறது. பல வீடுகளில் கோளாறு வெளியிலிருந்து வரும் லைனில் இல்லை, வீட்டுக்குள் ஓடும் வைஃபையில்தான் இருக்கிறது.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு. போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவே உள்ள ரேடியோ இணைப்புதான் வைஃபை. அதனால்தான் வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் போனில் சிக்னல் முழுசாகத் தெரிகிறது. ஃபைபர் லைன் வந்து சேரும் பெட்டிக்கு ஓஎன்டி என்று பெயர், பழைய டெலிபோன் லைனில் அந்த வேலையை மோடம் செய்தது. வந்து சேர்ந்த அந்த ஒரே இணைப்பை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் பங்கிட்டுக் கொடுப்பது ரவுட்டர். இப்போது பெரும்பாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்துவிடுகின்றன, குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது வேகம். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். நாம் இறக்கும் ஃபைலின் அளவோ மெகாபைட்டில் இருக்கும், 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். ஆக 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் இறங்கும், 1 ஜிபி ஃபைலுக்கு எப்படியும் 80 நொடி ஆகும். இது தெரியாமல் ஏமாற்றிவிட்டதாகச் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அதே சமயம் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது டவுன்லோடு வேகம் மட்டும்தான். வீடியோ காலில் நம் முகம் எதிர்முனையில் உறைந்து நிற்பதற்கு அப்லோடு வேகம், அதாவது நம்மிடமிருந்து வெளியே போகும் வேகம், குறைவாக இருப்பதும் ஒரு காரணம், அந்த எண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

பிங் என்பது இன்னொன்று, ஒரு தகவல் போய்ப் பதில் திரும்ப ஆகும் நேரம். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இன்டர்நெட் வந்தால், வேகம் எவ்வளவு இருந்தாலும் பதிலுக்கு அரை நொடியாவது காத்திருக்க வேண்டும், பேச்சும் ஆன்லைன் விளையாட்டும் அங்கே தடுமாறும்.

சரி, கோளாறு எந்தப் பக்கம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக ரவுட்டரில் செருகி, மற்றவர்கள் யாரும் பயன்படுத்தாத நேரத்தில் வேகத்தைச் சோதியுங்கள். சொன்ன வேகம் வந்தால் லைன் நன்றாக இருக்கிறது, பிளானை மாற்றிப் பயனில்லை. 300 எம்பிபிஎஸ் பிளானில் சோதனை 94, 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்றால் ரவுட்டரில் கேபிள் செருகும் போர்ட்டோ கேபிளோ லேப்டாப்போ 100-க்கு மட்டுமே ஆனதாக இருக்கலாம், முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

வைஃபைதான் காரணம் என்றால் செலவில்லாத வழிகளே நிறைய. ரவுட்டரை அலமாரிக்குள்ளோ டிவிக்குப் பின்னாலோ ஒளித்து வைக்காமல் வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். பொதுவாக வைஃபை ஓடும் இரண்டு அலைவரிசைகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டித் தூரம் போகும், ஆனால் பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில்தான் நெருக்கியடிக்கின்றன. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவர் குறுக்கே வந்தால் துவண்டுவிடும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்பவர் 5-ஐயும், தூரத்து அறைக்காரர் 2.4-ஐயும் பிடித்தால் போதும். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை (ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் பாஸ்வேர்டு) மாற்றிவிட்டு, வைஃபையின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3-ல் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாரம் ஒரு சொல்லாக இவற்றை ஒரு சின்னப் பெட்டிச் செய்தியில் நீங்கள் வெளியிட்டால் பலருக்கு வீண் செலவு மிச்சமாகும். இணைப்பு தரும் நிறுவனங்களும் விளம்பரத்தில் அப்லோடு வேகத்தைச் சேர்த்துப் போட வேண்டும், இணைப்புக் கொடுக்க வரும் ஊழியர் கேபிளில் வேகத்தைச் சோதித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்